கட்டங்களைத் திருத்தும் உரிமை

தென்சென்னைப் புறநகரில், வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் வரைந்து வைத்துக் கண்காணிக்கும் பழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. மெட்ராஸ் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையில் சவுத் இந்தியன் ரயில்வே 1931-ல் மீட்டர் கேஜ் மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்ற நெருக்கமான போக்குவரத்தை மனக்கணக்கில் நடத்த முடியாது. இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வே 1907-ஐ ஒட்டி வகுத்த கன்ட்ரோல் முறை இந்திய ரயில்வேக்கும் வந்து சேர்ந்தது. கன்ட்ரோலரின் மேஜையில் ஒரு பெரிய தாள் இருக்கும். அதில் குறுக்காக மணி, நெடுக்காக நிலையங்களின் பெயர்கள். ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் நேரம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு நீளும். கோடு நிமிர்ந்திருந்தால் வண்டி வேகமாகப் போகிறது, படுத்துவிட்டால் எங்கோ நிற்கிறது. சிக்னல் கோளாறு, மாடு அடிபட்டது என்று தாமதத்தின் காரணமும் அந்தத் தாளிலேயே ஏறும். இந்த வேலையைப் பின்னாளில் ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய மென்பொருள் ஏற்றுக்கொண்டபோதும் கோட்டின் இலக்கணம் மாறவில்லை. அதை வகுத்தவர்கள் வண்டி ஓட்டத்தை அறிந்தவர்கள் என்பதே காரணம்.

இதே வட்டாரத்தில் இதற்கு நேர்மாறான பதிவேடுகளும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தை அடுத்து 1984-ல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் தொடங்கியபோது, உள்ளே வரும் மூலப்பொருளுக்கும் வெளியே போகும் சரக்குக்கும் சுங்கத் துறையிடம் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானித்தது. எந்த மெஷினில் வேலை தேங்குகிறது என்பதைச் சொல்ல அது எழுதப்பட்டதல்ல. அதைச் சொன்னது உற்பத்திக் கூடத்தில் தொங்கிய மணிவாரிப் பலகை: திட்டமிட்டது எத்தனை, செய்தது எத்தனை, குறைந்தது ஏன். 1990-களின் இறுதியில் மறைமலை நகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார்த் தொழிற்சாலைகள் வந்து, குறித்த மணிக்கு உதிரிபாகம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபின் அந்தப் பலகை சிறிய பட்டறைக்கும் இன்றியமையாததாயிற்று. இன்று திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்று திறமூல டேஷ்போர்டை நிறுவும்போது உண்மையில் இந்தப் பலகையைத்தான் திரைக்கு மாற்றுகிறது. ஆகவே, திறமூலத்தின் பெரிய பலன் லைசென்ஸ் பணம் மிச்சமாவது அல்ல என்பதே என் வாதம். கட்டங்களைத் திருத்தும் உரிமை வேலை செய்பவர்களிடமே நிற்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த ஆள் இல்லாத இடத்தில் நிறுவுதல் வீண்.

ஆள் உருவான வரலாறும் இதே ரயில் பாதையோரம்தான் இருக்கிறது. குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யின் வளாகத்தில், அங்கே படித்த கே. பி. சந்திரசேகரின் ஆதரவோடு ஏயூ-கேபிசி ஆய்வு மையம் உருவானது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-ல் சி-டாக் சென்னையும் இந்த மையமும் சேர்ந்து தொடங்கின. சி-டாக் பக்கத்திலிருந்து 2007-ல் பாஸ் லினக்ஸ் வந்தது. குரோம்பேட்டைப் பக்கம் செய்த வேலை அவ்வளவு பேசப்படவில்லை: அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருளை விருப்பப் பாடமாக்கியது. அதே காலத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. எல்காட்டின் மாற்றம் அதிகாரத்தால் நடந்தது, பேசப்பட்டது. பாடத்திட்ட மாற்றம் ஆண்டுதோறும் ஆட்களைத் தந்தது. இரண்டில் எது ஆழமானது என்று கேட்டால் தயக்கமின்றி இரண்டாவதையே சொல்வேன்.

டேஷ்போர்டை நிறுவும் வேலையே இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2000-களின் நடுவில் பென்டாஹோ போன்ற திறமூலக் கருவியை ஏற்ற வேண்டுமானால் ஜாவாவின் சரியான வெர்ஷன், டாம்கேட், டேட்டாபேஸ் டிரைவர் என்று ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும். இன்று கிராஃபானாவோ சூப்பர்செட்டோ டாக்கரில் சில கட்டளைகளில் எழுந்து நிற்கும். டேட்டாபேஸில் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு யூசரை உருவாக்கி இணைத்தால் அன்று மாலைக்குள் வரைபடம் தெரியும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என மூன்று ஷிஃப்ட் ஓடும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதன் நள்ளிரவு நமக்குக் காலை ஐந்தரை. எனவே இரவு ஷிஃப்டின் கடைசி அரைமணி உற்பத்தி மறுநாள் கணக்கில் விழும். தினமும் அரைமணி வந்து அரைமணி போவதால் நாள் மொத்தம் ஏறக்குறையச் சரியாகவே தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். யாரோ கவனித்து நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினால் நிலைமை மோசமாகிறது. இப்போது நாள் நள்ளிரவில் மாறுகிறது; இரவு ஷிஃப்டின் இரண்டு மணி நேரம் ஒரு தேதியிலும் ஆறு மணி நேரம் அடுத்த தேதியிலும் பிளந்துபோகிறது. இந்திய நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழித்து அதன்பின் தேதியை எடுக்க வேண்டும். ஒரே ஒரு வரித் திருத்தம்தான். ஆனால் பட்டறையின் நாள் ஆறு மணிக்குத்தான் பிறக்கிறது என்பது சூப்பர்வைசருக்குத் தெரிந்த சங்கதி. மென்பொருளை எழுதியவருக்கு அது தெரிய வழியில்லை.

கண்காணிப்பு மென்பொருளில் இந்தப் புறநகர் உலகுக்கே வழங்கியது மூடிய மென்பொருள்தானே என்று எதிர்க்கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. 1996-ல் தொடங்கி, வேளச்சேரியிலிருந்து நெட்வொர்க் கண்காணிப்புக் கருவிகளைச் செய்த அட்வென்ட்நெட், 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாறி, கூடுவாஞ்சேரியை ஒட்டிய வளாகத்தில் வளர்ந்து நிற்கிறது. அதன் தரத்தைக் குறைத்துப் பேசுவது பொய்யாகும். நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று குறிக்க நல்ல மூடிய மென்பொருளிலும் வசதி இருக்கலாம். ஆனால் அந்த வசதி இருப்பது, விற்பவர் முன்கூட்டியே அதை யோசித்திருந்தால்தான். யோசிக்காத தேவைக்குக் கோரிக்கை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பெரிய வாடிக்கையாளரின் கோரிக்கைக்கும் பத்து மெஷின் வைத்திருப்பவரின் கோரிக்கைக்கும் ஒரே எடை கிடைக்காது. அந்த ஏற்றத்தாழ்வுதான் எனக்குக் கவலை தருகிறது.

திறமூலமும் கைவிடும் என்ற வாதம் இன்னும் வலுவானது. 2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம் தன் மென்பொருளைத் திறமூல உரிமத்திலிருந்து விலக்கியது. ஏப்ரலில் கிராஃபானா கடுமையான வேறொரு திறமூல உரிமத்துக்கு மாறியது. நம்பியிருந்தவர்கள் கலங்கியது உண்மை. என்றாலும் அதே ஆண்டில் எலாஸ்டிக்கின் பழைய மூலநிரலிலிருந்து ஓப்பன்சர்ச் கிளைத்து எழுந்தது. மூடிய மென்பொருள் நின்றுபோனால் இந்த வழி இல்லை. ஆனால் கிளைத்த நிரலை எடுத்து நிறுத்தவும் ஆள் வேண்டும். கையில் நிரல் இருந்தும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அந்தப் பட்டறைக்குத் திறந்ததும் மூடியதும் ஒன்றுதான். மாதச் சம்பளத்துக்கு இப்படி ஒருவரை வைத்துக்கொள்ளச் சிறு முதலாளியால் முடியாது. தொழிற்பேட்டையில் இருக்கும் பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு அது மதிப்பான வேலை.

டேஷ்போர்டு தொழிலாளியை வேவு பார்க்கும் கருவி என்ற எதிர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். எண்ணிக்கை மட்டும் ஓடும் திரையில், மெட்டீரியல் வராமல் நின்ற ஒரு மணி நேரம் ஆபரேட்டரின் சோம்பலாகத் தெரியும். சுவரில் தொங்கிய பலகையில் ‘ஏன்’ என்ற கட்டம் இருந்தது. திரைக்கு மாற்றும்போது முதலில் காணாமல்போவது அதுதான். ஏனென்றால் எண்ணிக்கையை மெஷினே அனுப்பிவிடும், காரணத்தை மனிதர்தான் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தைச் சேர்க்கத் தடையாக எந்த உரிமமும் குறுக்கே நிற்கவில்லை. போஸ்ட்கிரஸ் டேபிளில் தமிழ் தடையின்றி ஏறும், வரைபடத்திலும் தமிழாகவே தெரியும். டை மாற்றம், மெட்டீரியல் வரவில்லை, கரன்ட் இல்லை, டூல் உடைந்தது என்ற பட்டியலை ஆபரேட்டர்களே உட்கார்ந்து எழுத வேண்டும். நிறுவும் வேலையின் முதல் நாளை அதற்கே ஒதுக்க வேண்டும். சர்வரை மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம்.