ஒழிப்போமா, ஒளிப்போமா?

1989ஆம் வருஷம் ஜனவரி மாதம் தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் அஸ்தினாபுரத்தில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். அதனால் எங்கேயாவது நீளமாக ஒரு மதில் சுவர் இருந்துவிட்டால் கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இரவோடு இரவாக வெள்ளையடித்து இடம் பிடித்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். ஆள் உயர எழுத்தில், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு சபதம்: "ஊழலை ஒளிப்போம்!"

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சுவர் போய்விட்டது, கட்சி இருக்கிறது.

தெருக்கோடியில் ரிட்டயரான தமிழ் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். எழுதியவன் அடுத்த சுவரில் சின்னம் வரைந்துகொண்டிருந்தான். வாத்தியார் அவனிடம் போய் நின்றார்.

"ஏம்ப்பா, ஒழிக்கப் போறீங்களா, ஒளிக்கப் போறீங்களா? அதை முதல்லே முடிவு பண்ணிட்டு எழுது."

அவன் திரும்பிப் பார்த்தான். வாயைப் பிளந்தான்.

"ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்திலே எழுதினது சார். யாருகிட்டேயும் சொல்லிடாதீங்க. சாயங்காலத்துக்குள்ளே மாத்திடறேன்."

சொன்னபடியே மாற்றிவிட்டான். ஆனால் சுண்ணாம்பு மட்டமான சுண்ணாம்பு. அடுத்த மழைக்குப் பிறகு 'ழி'க்கு அடியிலிருந்து பழைய 'ளி' எட்டிப் பார்த்தது. தேர்தல் முடிந்து இரண்டு வருஷம் வரையில் ஒழிப்பதும் ஒளிப்பதுமாக அந்தச் சபதம் அங்கேயே இருந்தது.

தேர்தல் விளம்பரத்தில் பொய் வேறு, பிழை வேறு. பொய்யைப் பற்றிச் சொல்வதற்கு எங்கள் ஊரின் பெயரே போதும். அஸ்தினாபுரத்துச் சிம்மாசனத்துக்காக நடந்த சண்டையில்தானே தருமபுத்திரர் 'அசுவத்தாமன் இறந்தான்' என்பதை உரக்கச் சொல்லி, 'யானை' என்பதை மட்டும் மெல்லச் சொன்னார்? அது கைதேர்ந்த வேலை. பிழை செய்ய அவ்வளவு சாமர்த்தியம் வேண்டியதில்லை. பார்க்காமல் இருந்தால் போதும்.

2021ஆம் வருஷத் தேர்தலில் அப்படி ஒன்று நடந்தது. ஏப்ரல் 6ந் தேதி வாக்குப் பதிவு. அதற்கு ஒரு வாரம் முன்னால், மார்ச் 30ந் தேதி, பாரதீய ஜனதா கட்சியின் தமிழ்நாட்டுக் கிளை தன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு பிரசாரப் படத்தை வெளியிட்டது. தமிழ்ப் பண்பாடு, பெண்கள், தாமரைக்கு ஓட்டு என்று வழக்கமான சரக்குத்தான். நடுவில் ஒரு பெண் பரதநாட்டியம் ஆடினார். முகத்தில் நல்ல களை; முத்திரைகளில் குறை சொல்ல இடமில்லை. ஆடியவர் யார் என்பதுதான் வேடிக்கை. அவர் டாக்டர் ஸ்ரீநிதி. சிவகங்கைத் தொகுதியின் காங்கிரஸ் எம்.பி.யான கார்த்தி சிதம்பரத்தின் மனைவி. பழைய நிதி மந்திரி ப. சிதம்பரத்தின் மருமகள்.

அதோடு போகவில்லை. அந்த நாட்டியக் காட்சி எடுக்கப்பட்டது, 2010இல் கோயமுத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் பாடலுக்காக. பாட்டை எழுதியவர் மு. கருணாநிதி, இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான். ஆக, எதிர்க் கூட்டணியில் ஒரு கட்சித் தலைவரின் வீட்டுப் பெண், இன்னொரு கட்சித் தலைவரின் பாட்டுக்கு ஆடிய ஆட்டம், தாமரைக்கு ஓட்டுக் கேட்டது! தேடி அலைந்தாலும் இவ்வளவு பொருத்தமாக ஒன்று அகப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

காங்கிரஸ்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒருவருடைய சம்மதத்தைக் கேட்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா என்று கேலி செய்தார்கள். அந்த அம்மையாரும் தம் படத்தை எடுத்து ஆண்டதைக் கண்டித்தார். தமிழ்நாட்டில் தாமரை மலராது என்றும் சொன்னார். படம் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. தாமரை அந்தத் தேர்தலில் நாலு இடங்களில் மலர்ந்தது. அந்த நாலும் நாட்டியத்தால் கூடவுமில்லை, குறையவுமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

எப்படி நேர்ந்திருக்கும்? கதை எழுதுகிறவனுக்கு யூகம் செய்ய உரிமை உண்டு. எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனிடம், 'தமிழ்ப் பெண், பரதநாட்டியம், உடனே வேண்டும்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவனும் தேடி எடுத்துக் கொடுத்திருப்பான். அவன் கண்ணுக்கு அது ஒரு 'தமிழ்ப் பெண்.' பெயருள்ள, குடும்பமுள்ள, சொந்தமாக அபிப்பிராயமும் உள்ள ஒரு மனுஷி என்று அவனுக்கு ஏன் தோன்றப் போகிறது?

படத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பது நமக்குப் புதிதல்ல. எங்களுக்கு வடக்கே, ரெயிலில் ஏறினால் சில நிமிஷத்தில் வந்துவிடும் பரங்கிமலையில்தான் 1967இல் எம்.ஜி.ஆர். முதல் தடவையாகச் சட்டசபைக்கு நின்றார். ஜனவரி 12ந் தேதி குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அபேட்சகர் ஓட்டுக் கேட்டு வரவில்லை, படம் வந்தது. 27,000 ஓட்டுகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜயித்தார். அந்தப் பிரசாரத்தைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், படத்தில் இருந்த ஆளும் அவரே, கழுத்தும் அவருடையதே, காயமும் அவருடையதே.

கேட்காமல் படத்தை எடுத்துக்கொள்ளும் விஷயத்தில் அமெரிக்கர்கள் நமக்கு முன்னோடிகள். 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட் மறுபடியும் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, அவர் படத்தைப் போட்டு முப்பது லட்சம் துண்டுப் பிரசுரங்கள் அச்சாகிவிட்டன. விநியோகிக்கப் போகும் சமயத்தில், அந்தப் படம் சிக்காகோவிலுள்ள மாபெட் ஸ்டூடியோவுக்குச் சொந்தம் என்பதை யாரோ கவனித்தார்கள். பிரதிக்கு ஒரு டாலர் கேட்டாலும் முப்பது லட்சம் டாலர்! பிரசாரப் பொறுப்பாளர் ஜார்ஜ் பெர்க்கின்ஸ் அசரவில்லை. 'உங்கள் படத்தை லட்சக் கணக்கில் அச்சிட்டுப் பரப்பப் போகிறோம். இந்த விளம்பரத்துக்கு நீங்கள் எங்களுக்கு என்ன தருவீர்கள்?' என்ற பொருளில் ஸ்டூடியோவுக்குத் தந்தி அடித்தார். 250 டாலர் தருவதாகப் பதில் வந்ததாம்! நம் ஊர்த் தேர்தல் ஏஜெண்டுகளையே ஓரமாக உட்கார வைத்துவிடுவார் போலிருக்கிறது.

நிற்க. ஒரு கட்சியை மட்டும் சொல்லிவிட்டு நழுவுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில், பார்லிமெண்டுத் தேர்தல் நெருங்கும் வேளையில், குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காகத் தி.மு.க. மந்திரி ஒருவர் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரத்தில் இருந்த ராக்கெட்டின் உச்சியில் சீனாவின் கொடி! படம் தயாரித்தவர்கள் செய்த தவறு என்றார்கள். உத்தரப் பிரதேசத்தின் முன்னேற்றத்தைக் காட்ட 2021 செப்டம்பரில் வந்த முழுப் பக்க விளம்பரத்திலோ கல்கத்தா மேம்பாலம் இருந்தது. அதன்மேல் கல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸியும் ஓடிற்று. தவறு தங்கள் விளம்பரப் பிரிவினுடையது என்று அந்தப் பத்திரிகை மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. பாலமும் ராக்கெட்டும் மானநஷ்ட வழக்குப் போடுவதில்லை. ஆகையால் நாம் சிரித்துவிட்டு மேலே போகலாம்.

மனிதர்களை அப்படி விட்டுவிட்டுப் போக முடிவதில்லை. 2016 சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க. விளம்பரம் ஒன்றில் ஒரு பாட்டி தோன்றி, தனக்குச் சோறு போட்டவர் ஜெயலலிதாதான் என்று உருகினாள். தி.மு.க. விளம்பரத்தில் அதே பாட்டி தோன்றி அதே ஆட்சியைக் குறை சொன்னாள். இரண்டும் டெலிவிஷனில் மாற்றி மாற்றி வந்தன. ஊர் கைகொட்டிச் சிரித்தது. பாட்டி சினிமாவில் துணைவேஷம் போட்டுப் பிழைக்கிறவள். கூப்பிட்டார்கள், போனாள், சொல்லச் சொன்னதைச் சொன்னாள், சொற்பக் கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். 'ஏழைக் கிழவி' வேண்டுமென்று தேடிய இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தமிழ்நாட்டில் அகப்பட்டவள் அவள் ஒருத்திதான். ஆனால் ஊர் சிரித்ததென்னவோ அவளைப் பார்த்து.

தேர்தல் பிரசுரங்களில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். டெலிவிஷன் விளம்பரங்களை முன்கூட்டியே அதிகாரிகளிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2004இல் உத்தரவிட்டது. அவதூறு இருக்கிறதா, ஜாதி மதத் துவேஷம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாட்டி இரண்டு பக்கமும் பேசுகிறாளே என்று பார்ப்பது அவர்கள் வேலையல்ல.

நான் மறக்க முடியாமல் இருப்பது கல்கத்தாவில் நடந்த ஒன்று. நம் தேர்தலோடு சேர்ந்து வங்காளத்திலும் தேர்தல் நடந்த 2021 அது. தேதி அறிவிப்பதற்குச் சற்று முன்னால், பிப்ரவரியில், மத்திய சர்க்காரின் வீட்டு வசதித் திட்டத்தைப் பற்றி அவ்வூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. பிரதம மந்திரியின் படத்தோடு ஓர் ஏழைப் பெண்ணின் படம். இத்திட்டத்தால் தனக்குச் சொந்த வீடு கிடைத்ததாக அவளே சொல்வதுபோல் வாசகம். பத்திரிகை நிருபர்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவளுக்குச் சொந்த வீடு இல்லை. குடும்பத்தோடு மாதம் 500 ரூபாய் வாடகைக்கு ஒற்றை அறையில் குடியிருந்தாள்.

உங்களை யார் படம் பிடித்தார்கள் என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்து, கங்காசாகர் யாத்திரிகர்கள் தங்கும் இடத்தில் பத்து நாள் கழிவறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போயிருந்தேன், அங்கே எடுத்திருப்பார்களோ என்னவோ என்றாள்.