ரெக்கார்டு பிளேயர் மூடியும் நம்மூர் உப்புக் காற்றும்

உள்ளூர் நண்பர் ஒருவர் ரெக்கார்டு பிளேயருக்குத் தாமே பெட்டி செய்திருக்கிறார். அதன் அக்ரிலிக் மூடிக்கு எந்த ஸ்பிரிங் கீல் வாங்கலாம் என்று கேட்டார். ஆசாரிக்கு அது கீல். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அது 'ஷார்னியேர்'. மூடி வந்த கதையைச் சொன்னால்தான் கீலின் வேலை புரியும்.

ஆரம்பகால கிராமபோனுக்கு மூடி கிடையாது. குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெட்டியை எப்படி மூடுவது? 1906இல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி குழாயைப் பெட்டிக்குள்ளேயே மடக்கி 'விக்ட்ரோலா' என்று விற்றது. அதற்கு மரமூடி. தூசியைத் தடுத்ததோடு, ஊசி தட்டில் உரசும் கீச்சொலியையும் அது அடக்கியது.

புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு அடுத்து நினைவு வருவது 'எலெக்த்ரோஃபோன்'. லியோன் நகரத்துத் தெப்பாஸ் கம்பெனியின் சூட்கேஸ் பெட்டிகளில் ஸ்பீக்கரே மூடிக்குள்தான் இருக்கும். மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்க வேண்டியதுதான். பாடும்போது மூடியைத் தாங்கும் வேலை கீலுக்கு இல்லை.

ஒளிபுகும் மூடியைப் பிரபலமாக்கியது ஜெர்மனியின் பிரவுன் கம்பெனி. 1956இல் ஹான்ஸ் குகெலோட்டும் டீட்டர் ராம்ஸும் வடிவமைத்த எஸ்.கே. 4 பெட்டிக்கு முதலில் தகர மூடிதான் போட்டுப் பார்த்தார்கள். பாட்டுக்கு அது அதிர்ந்தது. பிளெக்ஸிகிளாஸ் போட்டார்கள். 'ஸ்நோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று ஜனங்கள் கேலி செய்தாலும், பின்னால் மற்றக் கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. அகலமான பிளாஸ்டிக் மூடி, பின்னால் இரண்டே கீல். கைவிட்ட இடத்தில் அது நிற்க வேண்டும். டப்பென்று விழுந்தால் ஊசி துள்ளித் தட்டைக் கீறும். டம்டம் தொழிற்சாலையில் அழுத்திய அரக்குத் தட்டுகளை இனி யாரும் அழுத்தித் தரப்போவதில்லை.

கணக்கு இதுதான். 45க்கு 36 செ.மீ., உயரம் 7 செ.மீ., 4 மி.மீ. தடிமன் என்றால் மூடி சுமார் 1.3 கிலோ. பாரம் கீலிலிருந்து 18 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்தால், மொத்தம் 23 கிலோ-செ.மீ.; ஒரு கீலுக்குப் பன்னிரண்டு. கடையில் 'ஸ்பிரிங் கீல்' என்று கேட்டால் அலமாரிக் கதவைத் தானே சாத்தும் கீலைக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

மரக்காணத்தில் இன்னொரு எதிரியும் உண்டு. சோற்றுப்பு காற்றில் ஈரம் 75 சதவீதத்தை எட்டினால்தான் கசியும். ஆனால் கடல் உப்போடு மக்னீசியம் குளோரைடும் சேர்ந்து வருகிறது. உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருக்கிறதே, அதுதான். அதற்கு 33 சதவீதமே போதும். சித்திரை வெயிலிலும் இரும்பின்மேல் ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். கீல் தகடு துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். குழலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கம்பி தெரியாமல் அரித்து ஒருநாள் பட்டென்று போகும், மூடி திறந்திருக்கும்போதே.

ஆகவே துத்தநாகம் பூசிய கீல் வேண்டாம். எவர்சில்வரிலும் 304 தரம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி போடும். மாலிப்டினம் கலந்த 316 மேல். ஸ்பிரிங் இல்லாமல் திருகை இறுக்கி உராய்வில் நிற்கவைக்கும் கீல் கிடைத்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், நம்மூருக்குத் தெப்பாஸ் வழிதான் சரி: கீலே வேண்டாம், தூக்கி எடுக்கிற மூடி. இல்லை, கீல்தான் வேண்டும் என்றால், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கீலைத் துடைத்து, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். எண்ணெய் அக்ரிலிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.