காக்ரேன், தாமஸ்

தாமஸ் காக்ரேன் (1775–1860) பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. டண்டொனால்டின் பத்தாவது பிரபு. சிலி, பிரேசில் நாடுகளின் விடுதலைப் போர்களில் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். 1814இல் பங்குச் சந்தை மோசடி வழக்கில் தண்டனை பெற்று, பதவியையும் நைட் பட்டத்தையும் இழந்தார்.

இளமையும் முதல் கப்பலும்

ஸ்காட்லாந்தின் ஹாமில்டனுக்கு அருகே 1775 டிசம்பர் 14ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆர்ச்சிபால்ட், நிலக்கரித் தாரைக் கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் முறை போன்ற ஆய்வுகளில் குடும்பச் சொத்தைக் கரைத்துவிட்டார். சிற்றப்பா அலெக்சாண்டர் காக்ரேன் கப்பல் தலைவராக இருந்தார். அவர் இவருடைய பெயரைச் சிறுவயதிலேயே கப்பல் பதிவேடுகளில் எழுதி வைத்திருந்தார். பணி மூப்புக்காக அக்காலத்தில் பலரும் செய்த காரியம் அது. 1793இல், 17 வயதில், 'ஹைண்ட்' கப்பலில் சேர்ந்தார். மேலதிகாரிகளிடம் பணிந்து பேசும் வழக்கம் இவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. 1799இல் மூத்த லெப்டினன்ட் ஒருவரை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் படைத்துறை நீதிமன்றத்தின் முன் நிற்க நேர்ந்தது. குற்றம் நிலைக்காவிட்டாலும் கண்டிப்பு கிடைத்தது.

1800இல் 'ஸ்பீடி' என்ற சிறு பாய்மரக் கப்பல் இவர் பொறுப்பில் வந்தது. கொள்ளளவு 158 டன்; 4 பவுண்டு குண்டு வீசும் 14 பீரங்கிகள். ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அனைத்தும் ஒருசேர முழங்கினாலும் போய் விழுவது 28 பவுண்டு இரும்புதான். தலைவரின் அறை 5 அடி உயரமே இருந்தது. ஆறடியைத் தாண்டிய காக்ரேன், முகம் மழிக்கக் கூரைச் சாளரத்தின் வழியே தலையை வெளியே நீட்டி, மேல்தளத்தையே மேசையாக்கிக்கொண்டார்.

இக்கப்பலைக் கொண்டு சுமார் 13 மாதங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பகைக் கப்பல்களைப் பிடித்தோ அழித்தோ விட்டார். ஒருமுறை பெரிய ஸ்பானியப் போர்க்கப்பல் ஒன்று நெருங்கி வந்தபோது, டேனிஷ் கொடியையும் நோய்த்தடைக் கொடியையும் ஏற்றி, கொள்ளைநோய் பரவிய துறைமுகத்திலிருந்து வருவதாகச் சொல்லச் செய்து தப்பினார்.

1801 மே 6ஆம் நாள் பார்சிலோனாவுக்கு அருகே நடந்த சண்டைதான் இவர் பெயரை நிலைநாட்டியது. எதிரே ஸ்பானியப் போர்க்கப்பல் 'எல் காமோ': 32 பீரங்கிகள், 319 பேர். ஸ்பீடியில் இருந்தது 54 பேர். அமெரிக்கக் கொடியைக் காட்டி நெருங்கியவர், எதிரிக் கப்பலின் விலாவை ஒட்டி நின்றார். உயரமான காமோவின் பீரங்கிகளை அவ்வளவு தாழ்த்த இயலாததால் குண்டுகள் தலைக்கு மேலே பாய்களைக் கிழித்துக்கொண்டு போயின. பிறகு சுக்கானை மருத்துவரிடம் விட்டுவிட்டு, மற்ற அனைவரும், சிலர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, காமோவில் தாவி ஏறினர். சண்டை நடுவே ஆள் அனுப்பி ஸ்பானியக் கொடியை இறக்கச் செய்தார். தம் தலைவர்களே பணிந்துவிட்டதாக எண்ணி வீரர்கள் சரணடைந்தனர். கடற்போர் வரலாற்றில் இதற்கு ஈடான துணிச்சல் அரிது.

1806இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அங்கும் கடற்படை ஊழலைக் கடுமையாகச் சாடினார். 1809 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடற்கரையில், பாஸ்க் ரோட்ஸ் என்னுமிடத்தில், வெடிமருந்துக் கப்பல்களையும் தீக்கப்பல்களையும் விட்டு எதிரிக் கடற்படையைத் தரைதட்ட வைத்தார். தலைமைத் தளபதி கேம்பியர் முழுப் படையையும் அனுப்பத் தயங்கியதால் வெற்றி அரைகுறையாயிற்று. கேம்பியருக்கு நாடாளுமன்றம் நன்றி கூறுவதைக் காக்ரேன் எதிர்த்தார். படைத்துறை நீதிமன்றம் கேம்பியரை விடுவித்தது. காக்ரேனுக்கோ கடற்பணி கிட்டாமல் போயிற்று.

வழக்கு

1814 பிப்ரவரி 21ஆம் நாள், படை அதிகாரி உடையில் டோவருக்கு வந்த ஒருவன் நெப்போலியன் கொல்லப்பட்டதாகச் செய்தி பரப்பினான். லண்டனில் அரசுப் பத்திரங்களின் விலை ஏறி, பொய் என்று தெரிந்ததும் சரிந்தது. அவன் பெயர் டி பெரஞ்சே. அன்று அவன் நேரே போனது காக்ரேனின் வீட்டுக்கு. காக்ரேன் தம்மிடமிருந்த 139,000 பவுண்டு மதிப்புள்ள பத்திரங்களை அன்றே விற்றிருந்தார். ஆனால் ஒரு சதவீதம் ஏறினால் விற்றுவிடும்படி தரகரிடம் முன்பே சொல்லியிருந்தார் என்பதையும், அவன் வீட்டுக்கு வந்ததைத் தாமே பிரமாணப் பத்திரத்தில் வெளியிட்டார் என்பதையும் கருதினால், சூழ்ச்சி செய்தவர் இவருடைய இன்னொரு சிற்றப்பா காக்ரேன்-ஜான்ஸ்டனே என்று கொள்வதுதான் பொருந்தும். காக்ரேனின் வீட்டுக்கு வந்தவன் அணிந்திருந்தது டோவரில் காட்டிய சிவப்புச் சீருடையா, பச்சையா என்பதே வழக்கின் மையக் கேள்வியாயிற்று. நீதிபதி எலன்பரோ சில ஆண்டுகளுக்கு முன் அமைச்சரவையில் இருந்தவர். விசாரணையை நள்ளிரவு தாண்டியும் நடத்தினார்.

ஓராண்டுச் சிறை, 1,000 பவுண்டு அபராதம், ஒரு மணி நேரம் தொழுமரத்தில் நிற்பது என்று தண்டனை விதிக்கப்பட்டது. தொழுமரத் தண்டனை பின்னர் கைவிடப்பட்டது. கடற்படையும் நாடாளுமன்றமும் அவரை நீக்கின. மறுவிசாரணை கேட்டபோது, தண்டிக்கப்பட்ட அனைவரும் நேரில் வரவேண்டும் என்று விதி காட்டி மறுத்தனர். சிற்றப்பா அதற்குள் நாட்டைவிட்டு ஓடியிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி வாக்காளர்கள் காக்ரேனையே எதிர்ப்பின்றி மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1815 மார்ச்சில் கயிறு கட்டிச் சிறையிலிருந்து இறங்கி, நாடாளுமன்றத்துக்கே போய் மீண்டும் பிடிபட்டார். அபராதம் கட்டிய 1,000 பவுண்டு நோட்டின் பின்புறம் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எழுதியே கொடுத்தார். அந்த நோட்டை இங்கிலாந்து வங்கி பாதுகாத்து வைத்துள்ளது.

பிற்காலம்

1818இல் சிலி சென்று, 1820இல் வால்டிவியா கோட்டைகளையும் காயாவோ துறைமுகத்தில் 'எஸ்மெரால்டா' கப்பலையும் கைப்பற்றினார். பிறகு பிரேசிலிலும் கிரேக்கத்திலும் பணியாற்றினார். 1832இல் அரச மன்னிப்புப் பெற்று ரியர் அட்மிரலாகக் கடற்படைக்குத் திரும்பினார். 1847இல் நைட் பட்டமும் திரும்பக் கிடைத்தது. 1860 அக்டோபர் 31ஆம் நாள் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள கல்லறையில் சிலி கடற்படையினர் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கின்றனர். 1814ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் எந்த நீதிமன்றமும் இன்றுவரை ரத்து செய்யவில்லை.