பனியாற்றுக்குள் ஓடும் நீர்: உருகுவது தெரிகிறது, போகும் வழி தெரிவதில்லை

1892 ஜூலை 11ஆம் திகதி இரவு, பிரான்ஸில் மொன் பிளான் மலையடிவாரத்திலுள்ள சென் ஜெர்வே பகுதி மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, தண்ணீரும் பனிக்கட்டியும் பாறையும் சேறும் கலந்த பெருவெள்ளம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கியது. 175 பேர் உயிரிழந்தனர். மலைமேல் கண்ணுக்குத் தெரியும் ஏரி எதுவும் உடைந்திருக்கவில்லை. 3,000 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலிருந்த தெத் ரூஸ் என்ற சிறிய பனியாற்றின் வயிற்றுக்குள், வெளியே தெரியாமல் தேங்கியிருந்த நீர்தான் ஊரை அழித்தது.

உலகெங்கும் பனியாறுகள் சுருங்குகின்றன என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. ஆனால் எவ்வளவு பனி உருகியது என்ற கணக்கோடு பெரும்பாலான செய்திகள் நின்றுவிடுகின்றன. உருகிய நீர் எந்த வழியாகப் போகிறது, போக வழியில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பவை அடிவாரத்தில் வாழும் மக்களுக்கு உயிர்ப் பிரச்சினைகள்.

மேலிருந்து அடிவரை

பனியாற்றின் மேற்பகுதியில் ஆண்டுக்கணக்கில் விழுந்து இறுகிய பழைய பனி இருக்கும். அது பஞ்சு போன்றது. கோடையில் உருகும் நீரை உறிஞ்சி வைத்து, மெதுவாகக் கீழே கசிய விடும். அதற்குக் கீழ், பனிக்கட்டி வெளியே தெரியும் பகுதியில் நீர் ஊறுவதில்லை. அது சிற்றோடைகளாக மேற்பரப்பில் ஓடி, ஏதாவது ஒரு வெடிப்பைக் கண்டதும் உள்ளே விழுகிறது. விழும் நீர் சுழன்று குடைந்து கிணறு போன்ற செங்குத்துக் குழியை உண்டாக்கும். பிரெஞ்சு மொழியில் இதை 'மூலான்', அதாவது ஆலை, என்கிறார்கள்.

வெடிப்பு எப்படி அடிவரை போகிறது? நீர் பனிக்கட்டியைவிடப் பாரமானது. ஒரு கனமீற்றர் நீர் 1,000 கிலோகிராம், பனிக்கட்டியோ சுமார் 917 கிலோகிராம். எனவே வெடிப்பில் நீர் நிரம்பி நின்றால், அதன் அழுத்தம் வெடிப்பை மூடவிடாமல் மேலும் கீழே பிளந்துகொண்டே போகும். 2006 ஜூலையில் கிறீன்லாந்தில் பனிப்படலத்தின் மேலிருந்த ஓர் ஏரி இப்படித்தான் மறைந்தது. சுமார் 4 கோடியே 40 இலட்சம் கனமீற்றர் நீர், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தடிப்பான பனியைப் பிளந்துகொண்டு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடித்தளத்தை அடைந்தது. அந்த இடத்தில் பனிப்படலமே ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்தது.

தானே குடையும் குழாய்

அடியை அடைந்த நீருக்கு அங்கே நிரந்தரமான வாய்க்கால் கிடையாது. ஓடும் நீரின் உராய்வு வெப்பத்தை உண்டாக்கி, சுற்றியுள்ள பனியை உருக்கிச் சுரங்கக் குழாயை அகலமாக்குகிறது. அதே நேரத்தில் மேலிருக்கும் பனியின் பாரம் அதை நசுக்கி மூடப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான போட்டியை சுவிற்சர்லாந்து ஆய்வாளர் ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார். பெரிய குழாய்களில் அழுத்தம் குறைவு என்பதால் அருகிலுள்ள சிறு வழிகளின் நீரையும் அவை தம் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கோடையின் தொடக்கத்தில் குழாய்கள் இன்னும் திறந்திருக்காது. நீர் பாறைக்கும் பனிக்கும் இடையிலுள்ள சிறு பொந்துகளில் நெருக்கி நிற்கும். அந்த அழுத்தம் பனியாற்றைச் சற்றே தூக்குவதால் அது வேகமாக வழுக்குகிறது. கோடை முற்றும்போது பெரிய குழாய்கள் உருவாகி நீரை விரைவாக வடித்துவிட, வேகமும் குறைகிறது. குளிர்காலத்தில் நீர் வரத்து நின்றதும் குழாய்கள் மீண்டும் நசுங்கி மூடிவிடும்.

இந்தக் குழாய்களின் வெளிவாசல்தான் பனியாற்றின் முனையில் தெரியும் குகை. இமயத்தில் கங்கோத்திரி பனியாற்றின் முனையில் பாகீரதி நதி வெளிவரும் கோமுகமும் அப்படியான ஒரு வாசல்தான்.

மெலியும்போது மாறுவது

பனியாறு மெலியும்போது முதலில் குறைவது மேலிருக்கும் அந்தப் பஞ்சுப் பனி. உருகும் நீர் தங்கி நிற்க இடமில்லாமல் போவதால் அன்றன்றே கீழே பாய்கிறது. பிற்பகலில் ஆறு சடுதியாகப் பெருகி, இரவில் வற்றுகிறது.

அடுத்து, பனியின் தடிப்புக் குறைவதால் குழாய்களை நசுக்கும் பாரமும் குறைகிறது. முனைப் பகுதியில் குழாய்கள் முன்போல் மூடுவதில்லை. உள்ளே காற்றும் புகுந்து கூரையைக் கரைக்க, அது இடிந்து மேற்பரப்பில் வட்டமான பள்ளங்கள் தோன்றுகின்றன. ஆல்ப்ஸ் மலையின் பல பனியாறுகளில் இவற்றைக் காணலாம். பனியாறு முனையிலிருந்து மட்டும் கரைவதில்லை, உள்ளிருந்தும் குடைபடுகிறது.

ஆற்று நீரை நம்பியிருப்போருக்கு இன்னொரு பொறியும் உண்டு. உருகல் கூடும் ஆண்டுகளில் ஆற்றில் நீரும் கூடும். பனியின் பரப்புச் சுருங்கியபின் அது குறையத் தொடங்கும். ஆல்ப்ஸிலும் ஆண்டிஸிலும் பல நீரேந்துப் பகுதிகள் இந்த உச்சத்தை ஏற்கெனவே கடந்துவிட்டன. நீர் நிறைய வரும் ஆண்டுகளைப் பார்த்துப் பாசனத்தையும் மின் உற்பத்தியையும் விரிவாக்குவோர், பின்னால் வரும் பற்றாக்குறைக்கு முகம் கொடுக்க நேரிடும்.

துருசு இல்லாத குளம்

தெத் ரூஸில் 1892இல் நடந்தது மறுபடியும் நடக்கக்கூடாதென்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரை வடிக்க ஒரு சுரங்கம் வெட்டப்பட்டது. பல பதின்ம ஆண்டுகள் அதைப் பராமரித்தார்கள். இனியும் அது தேவையா என்ற கேள்வி எழுந்தபோதுதான் 2007இல் புதிய ஆய்வு தொடங்கியது. ராடாரும் காந்த ஒத்திசைவு அளவீடும் சொன்ன பதில் அதிர்ச்சியாக இருந்தது. சுரங்கம் இருந்தும், பனியாற்றுக்குள் 50,000 கனமீற்றருக்கும் அதிகமான நீர் மீண்டும் தேங்கியிருந்தது. துளையிட்டு அளந்தபோது, நீரின் அழுத்தம் மேலிருக்கும் பனியின் பாரத்தையும் மிஞ்சியிருந்தது.

காரணம் எதிர்பாராதது. பனியாற்றின் மேற்பகுதியில் தடித்த பனி போர்வை போலக் குளிரைத் தடுக்கிறது. உருகிய நீர் உள்ளே இறங்கி மறுபடி உறையும்போது வெப்பத்தையும் விடுகிறது. அதனால் அங்குள்ள பனிக்கட்டி உருகுநிலையை ஒட்டி இருக்கிறது. கீழ்ப்பகுதியில் அந்தப் போர்வை மெலிதாக இருந்ததால் குளிர்காலக் குளிர் ஆழமாக இறங்கி, பனிக்கட்டியைப் பாறையோடு உறையவைத்தது. மேலிருந்து வந்த நீருக்கு அதுவே அணையாயிற்று. வெப்பமாகும் உலகில், போர்வையை இழந்த பனியாறு ஒன்றின் முனை குளிர்ந்து இறுகியதால் வந்த ஆபத்து இது.

2010 கோடையின் பிற்பகுதியில் பனியைத் துளையிட்டு நீர் பம்பிகளால் இறைக்கப்பட்டது. கீழே வாழ்ந்த மக்களுக்காக எச்சரிக்கை அமைப்பும் நிறுவப்பட்டது. பொந்து மறுபடி நிரம்பியதால் 2011இலும் 2012இலும் மீண்டும் இறைக்க வேண்டியிருந்தது.

மலையில் பெருகும் ஏரிகளைச் செய்மதிப் படங்களில் எண்ணலாம். பனிக்குள் அடைபட்ட நீரை அவை காட்டுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஆட்கள் கருவிகளோடு மேலே ஏறி, ஒவ்வொரு பனியாறாக அளக்க வேண்டும். சென் ஜெர்வே மக்கள் இரண்டாவது முறை தப்பியது, பழைய சுரங்கம் இனியும் தேவையா என்று கேட்டவர்கள் விடையை ஊகிக்காமல் மேலே போய் அளந்து பார்த்ததால்தான்.