பேயின் உடல், புலவரின் முகம்

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் இளமையையும் உடற்பொலிவையும் போற்றுபவை. திரண்ட தோளும் ஒடுங்கிய இடையும் கொண்ட உமையின் உருவங்களை வார்த்த அதே மரபிலிருந்து, விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிய, மார்பு வற்றித் தொங்க, கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உருவமும் வெளிவந்தது. காரைக்கால் அம்மையாரின் அவ்வுருவங்களுள் பெயர்பெற்ற ஒன்று, அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 1933இல் திறக்கப்பட்ட நெல்சன்–அட்கின்ஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் 41 செ.மீ. உயரமுள்ள அதனைக் கி.பி. 11ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கின்றனர்.

அம்மையாரின் வரலாற்றை விரிவாகச் சொல்லும் நூல் சேக்கிழாரின் பெரியபுராணம். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகளான புனிதவதி, இறையருளால் மாங்கனி வரவழைத்த நிகழ்ச்சிக்குப் பின் கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமென வணங்கி விலகியதும், அவனுக்காகச் சுமந்த தசையைக் களைந்து பேய் வடிவம் வேண்டிப் பெற்றார் என்கிறது அந்நூல். ஆனால் அது 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது; மேற்சொன்ன கணிப்பின்படி திருமேனி அதற்கு முந்தியது. எனவே, சிற்பி இவ்வடிவத்தைச் சேக்கிழாரிடமிருந்து பெற்றிருக்க முடியாது.

அதற்கும் முன்பே 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர், அடியார்களின் பெயர்களைத் தொகுத்த திருத்தொண்டத் தொகையில், அம்மையாரைப் ‘பேயார்’ என்றே குறித்திருந்தார். பொதுவாக 6ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் அம்மையாரும் தம் திருவாலங்காட்டுப் பதிகங்களில் தம்மைப் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பற்கள் என ஒரு பெண்பேயை உறுப்பு உறுப்பாக வருணித்து, அது உலவும் சுடுகாட்டையே இறைவன் ஆடும் அரங்காக அவர் காட்டுகிறார்.

கான்சஸ் திருமேனியின் உடல் இவ்வருணனையோடு நெருங்கி நிற்கிறது. முகமோ அதிலிருந்து விலகுகிறது. அதில் அச்சுறுத்தல் இல்லை. பாடலில் தோய்ந்தவரின் முறுவலே மலர்ந்திருக்கிறது. பேயின் உடலைப் பதிகத்திலிருந்து எடுத்துக்கொண்ட சிற்பி, முகத்திற்கு மட்டும் பதிகத்தைப் பாடியவரையே நினைத்தார் எனலாம். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசிச் சூடேற்றி, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையே சோழர் வார்ப்பு முறை. ஆகவே எலும்பின் விளிம்பும் இதழின் நெளிவும் முதலில் மெழுகிலேயே, விரலும் சிறு கருவியும் அறிந்த நுட்பத்தோடு, தீர்மானிக்கப்பட்டவை.

கையிலுள்ள தாளம் இவ்வுருவத்தின் தனிமையைக் குறைத்துவிடுகிறது. தாளம் ஓர் ஆட்டத்திற்கு உரியது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்சிற்பத்தில் ஆடவல்லானாகிய சிவனின் காலடியில் அம்மையார் அமர்ந்திருப்பது அவ்வுறவை வெளிப்படையாகக் காட்டுகிறது. அருங்காட்சியகத்தில் ஆடுபவர் அருகில் இல்லை. எனினும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் 13ஆம் நூற்றாண்டுத் திருமேனியிலும் தாளம் கைவிடப்படவில்லை. அம்மையாரை அடையாளம் காட்ட மெலிந்த உடல் மட்டும் போதாது, அவர் இசைப்பவராகவும் இருந்தாக வேண்டும் என்பதைச் சிற்ப மரபு உறுதியாகப் பற்றியிருந்தது; ஆனித் திங்களில் மாங்கனியை முன்னிறுத்தி அவரை நினைக்கும் காரைக்காலுக்கு, அவர் முதலில் ஒரு புலவர் என்பதை இத்திருமேனிகள் நினைவூட்டுகின்றன.