திக்கால் படங்களும் பெரியபுளியங்குளத்துக் கல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களிடம் படித்துவிட்டு இப்போது கனடாவில் இருக்கும் ஒரு பிள்ளை, போன மாதம் குவாத்தமாலாவிலிருந்து வட்சப்பில் படங்கள் அனுப்பியிருந்தான். அன்ரிகுவா என்ற பழைய நகரத்தில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறான். காலையில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்று இருந்து ஸ்பானிய மொழி படிப்பு. பின்னேரம் கிராமப் பாடசாலையொன்றில் சுவருக்கு வர்ணம் பூசுவது, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. விடுமுறை கிடைத்ததும் திக்கால் என்ற மாயா நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போயிருக்கிறான். காட்டுக்கு மேலே தலை நீட்டி நிற்கும் கோபுரங்கள். அதில் மிக உயரமானது ஏறக்குறைய 65 மீற்றர்.

படங்களுக்குக் கீழே ஒரு கேள்வி: "சேர், எங்கட பக்கத்தில இப்பிடி ஏதும் இருக்கா?"

ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒருவர், "இரணைமடு இருக்கு எண்டு போடுங்கோ" என்றார். சிரித்தோம். பிறகு அந்தச் சிரிப்பு எங்களுக்கே பிடிக்கவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்கள் நாங்கள். அவனுக்கு அன்று கொடுக்காத பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் திக்கால். அங்கே ஆறு கிடையாது. மழைக்காலம் முடிந்தால் மாதக்கணக்கில் வறட்சி. ஆகவே மாயா மக்கள் நகரத்துக்குள்ளேயே நீர்த்தேக்கங்கள் கட்டி, மழைத் தண்ணீரை மறித்து வைத்தார்கள். அதில் ஒரு தேக்கத்துக்குத் தண்ணீரை வடிகட்டுவதற்குப் பளிங்கு மணலும் சியோலைற்று என்ற கனிமமும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று 2020 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். குளத்தை நம்பி வாழ்ந்த ஊர், மழை பொய்த்தபோது ஆட்டம் கண்ட ஊர். இதை விளங்கிக்கொள்ள தர்மபுரத்துப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை, ஆவணி மாதத்துக் கிணறு போதும்.

ஆனால் எங்களை நிற்கவைத்தது கோபுரமோ குளமோ இல்லை, அவர்களுடைய எழுத்து. 1562 இல் மானி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா நூல்களைக் குவித்துத் தீ வைத்தார். இன்றைக்கு உலகம் முழுவதிலும் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு ஏடுகள். யாழ்ப்பாண நூலகத்தில் 1981 இல் எரிந்த சுமார் 97,000 நூல்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. விசித்திரம் என்னவென்றால், எரித்த அதே மனிதர்தான் பிற்பாடு மாயா மக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதில் அவர்களுடைய "அரிச்சுவடி" என்று சொல்லிச் சில குறிகளை வரைந்து வைத்தார். அந்த நூலின் பிரதி 1862 இல் மத்ரித்தில் கிடைத்தது. அந்த அரிச்சுவடியை வைத்து வாசித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் தோற்றுப்போனார்கள்.

1952 இல்தான் லெனின்கிராதில் இருந்த யூரி குனோரொசொவ் என்ற ஆய்வாளர் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அப்போது அவர் மாயா தேசத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. லாந்தா ஸ்பானிய எழுத்தின் பெயரை "பே" என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்த மாயா எழுத்தர் "பே" என்ற அசைக்கான குறியை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்களுடையது அசையெழுத்துக் கலந்த முறை. "க" என்று எழுதினால் அதற்குள்ளே அகரமும் இருக்கிறது என்று தரம் ஒன்றிலேயே படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய புதிரே இல்லை. கேட்டவருக்கும் சொன்னவருக்கும் இடையில் மொழி புரியாமல் போனதால் வந்த வினை, ஏறக்குறைய 400 வருடம் இழுத்தது.

இனி எங்கள் கதை.

ஜோர்ஜ் டேர்ணர் என்பவர் 1799 இல் பிறந்தார், அதுவும் யாழ்ப்பாணத்தில். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1818 இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். ஒரு பிக்குவிடம் பாளி மொழி கற்றார். முல்கிரிகலை விகாரையிலிருந்து மகாவம்சத்தின் உரை ஏட்டைப் பெற்றார். 1837 இல் மகாவம்சத்தின் முதற் பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதே வருடம் கல்கத்தா நாணயசாலையில் வேலை செய்த ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்து முடித்தார். ஆனால் கல்வெட்டுகளில் வரும் "பியதசி" யார் என்று அவருக்குத் தெரியவில்லை. இலங்கை மன்னனாக இருக்கலாம் என்று நினைத்தார். தீபவம்சத்தைப் பார்த்து, அது அசோகன்தான் என்று சொன்னவர் டேர்ணர். இந்தியாவின் அசோகனை அடையாளம் காட்டியது இலங்கையின் ஓலை ஏடு.

பிராமியை வாசிக்க முடிந்த பிறகுதான் எங்கள் வன்னிக் குகைகளும் பேசத் தொடங்கின. வவுனியா மாவட்டத்தில் பெரியபுளியங்குளம் இருக்கிறது. அங்குள்ள குகைக் கல்வெட்டு ஒன்றில் "தமெட வணிஜ கஹபதி விசாக" என்று வருகிறது. தமிழ் வணிகனான விசாகன் என்ற குடும்பத் தலைவன். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்து எழுத்து, மொழி பிராகிருதம், குகை பௌத்த சங்கத்துக்கு. ஒரே வரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்றைக்கு எங்கள் மாவட்டங்களில் "தொல்பொருள்" என்ற சொல் காதில் விழுந்தால் சனங்களுக்கு முதலில் வருவது பயம். பலகை நட்டால் காணி போய்விடுமோ, வயலுக்குள் இறங்க விடாமல் மறித்துவிடுவார்களோ என்ற பயம். அது வெறும் கற்பனை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லாதவரை, வாசித்துச் சொல்கிறவர் சொல்வதுதான் வரலாறு. மகாவம்சத்தைத் திட்டுகிற எங்களில் எத்தனை பேருக்கு, எல்லாளன் 44 வருடம் நடுநிலையாக நீதி செலுத்தினான் என்று அதே மகாவம்சம் சொல்வது தெரியும்?

வேறு இரண்டு பேரையும் சொல்லவேண்டும். ஜே. பி. லூயிஸ் வவுனியாவில் அதிகாரியாக இருந்தவர். 1895 இல் வன்னி மாவட்டங்களுக்கென்று ஒரு கைநூல் வெளியிட்டார். ஹென்றி பார்க்கர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். உடைந்து கிடந்த குளக்கட்டுகளை அளந்து திரிந்தவர், வவுனிக்குளத்தைப் பற்றியும் எழுதியவர். பழைய குளங்களில் தண்ணீரின் வேகத்தை அடக்கித் திறந்துவிடும் கிணறு போன்ற அமைப்பை, சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பதை, உலகில் முதலில் கண்டுபிடித்தவர்கள் இந்த நாட்டுக் குளக்காரர்கள்தான் என்று 1909 இல் எழுதிவைத்தவரும் அவரே. இவர்கள் தொண்டர்கள் இல்லை, ஆட்சியின் சம்பளக்காரர்கள். வரி கணக்கிட வந்தவர்கள் வரலாற்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள் என்பதுதான் உண்மை. ஆனாலும் அவர்கள் நடந்த தூரம் நாங்கள் நடக்கவில்லை.

எங்களில் சிலர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், புத்தளத்தில் வளர்ந்தவர்கள். இப்னு பதூதா 1344 இல் அந்தக் கரையில்தான் இறங்கினார் என்று அங்கே படித்தோம். அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கும் என்று அவர் எழுதியிருப்பதைக் கல்வியியற் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தோம். தமிழ் அரசனும் மொரோக்கோ முஸ்லிமும் பாரசீகத்தில் கதைத்திருக்கிறார்கள்! காலியில் 1911 இல் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து எடுக்கப்பட்ட கல்லும் அப்படித்தான். 1409 ஆம் ஆண்டு பொறித்த அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. மூன்றிலும் அதிகம் தேய்ந்துபோனது பாரசீகப் பகுதி.

குவாத்தமாலாவில் இருக்கும் எங்கள் பிள்ளைக்கும் ஒன்று எழுதினோம். நீ படிக்கிற ஸ்பானியமும் அங்கே கப்பலில் வந்த மொழிதான். நீ வர்ணம் பூசுகிற பாடசாலைப் பிள்ளைகளின் வீட்டில் வேறு மொழி இருக்கக்கூடும், அதிலும் நாலு சொல் கேட்டுப் படி என்று. "கச்சிகேல் எண்டு ஒரு பாஷை சேர், வணக்கம் சொல்லப் படிச்சிட்டன்" என்று பதில் வந்தது.

அடுத்த தவணையிலிருந்து சனிக்கிழமைகளில் தரம் 9, 10 பிள்ளைகளுக்குப் பிராமி எழுத்தும் இரண்டாம் மொழிச் சிங்களமும் ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். காசு இல்லை. பிள்ளைகள் அவரவர் ஊரில் உள்ள சின்னக் குளங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வரவேண்டும், தூர்ந்து போனவையும்தான். உங்கள் வீட்டு அம்மம்மா, அப்பப்பா, மூத்தம்மாமாருக்குப் பழைய பெயர்கள் தெரிந்தால் பிள்ளையின் கொப்பியில் சொல்லி எழுதவையுங்கள். வவுனிக்குளத்துக்கு ஒருநாள் கூட்டிப்போக வான் வைத்திருப்பவர்கள் யாரும் உதவ முடிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். டீசல் செலவை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்.