குதிரை டிராமுக்குச் சாலையில் ஓர் இடம்

குதிரை இழுக்கும் டிராம் வண்டி என்றால், அது என்றோ மறைந்துபோன சங்கதி என்றுதான் நினைப்பீர்கள். உலகின் பெரும்பாலான நகரங்களைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால், ஒரு சிறிய தீவின் கடற்கரைச் சாலையில், கார்களுக்கும் பஸ்களுக்கும் இடையே, குதிரை டிராம் 21ஆம் நூற்றாண்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படிப் பிழைத்தது? இக்கேள்விக்கு விடை தேடினால் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே, ஐரிஷ் கடலில் இருப்பது மேன் தீவு. பரப்பு 572 சதுர கிலோ மீட்டர். இது பிரிட்டிஷ் முடியரசின் பாதுகாப்பில் இருந்தாலும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. ‘டின்வால்ட்’ எனப்படும் தனிப் பாராளுமன்றம் இதற்கு உண்டு. தலைநகரான டக்ளஸ், பிறை வடிவான ஒரு விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபகுதி ஆலைத் தொழிலாளர்கள் கோடை விடுமுறைக்கு நீராவிக் கப்பல்களில் இங்கே வந்து குவிந்தார்கள். தெற்கே கப்பல் துறை. வடக்கே கரையோரம் நெடுகிலும் தங்கும் விடுதிகள். பெட்டி படுக்கைகளுடன் வந்தவர்கள் அவ்வளவு தூரத்தை எப்படிக் கடப்பது?

இதற்கு வழி கண்டவர் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த தாமஸ் லைட்ஃபுட் என்பவர். அவர் கடற்கரைச் சாலையில் 3 அடி அகலப் பாதையாகத் தண்டவாளம் பதித்தார். 1876 ஆகஸ்டு 7ஆம் நாள் குதிரை டிராம் ஓடத் தொடங்கியது.

தண்டவாளம் எதற்கு?

சாலையில்தான் குதிரை வண்டி ஓடுமே, தண்டவாளம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சக்கரம் உருளும்போது அதுவும் தரையும் சிறிதளவு அமுங்குகின்றன. அமுங்கிய இடத்திலிருந்து மேலே ஏறி ஏறித்தான் சக்கரம் முன்னேற வேண்டும். இதனால் ஏற்படும் தடையை உருள் தடை என்கிறோம். மணலில் மாட்டு வண்டி திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது உருளும்போது இரண்டுமே அதிகம் அமுங்குவதில்லை. ஆகவே தடை மிகக் குறைவு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயணிகளுடன் சேர்த்து வண்டியின் எடை 3 டன் என்று கொள்வோம். தெருவில் பதித்த தண்டவாளத்தில் தூசும் மண்ணும் சேரும். அதனால் தடை, எடையில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 30 கிலோ கிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுத்தால் வண்டி நகரும். அதே வண்டியைக் கப்பிச் சாலையில் இழுக்க ஏறத்தாழ மூன்று மடங்கு விசை, அதாவது 90 கிலோ வேண்டும். குதிரை களைப்பின்றித் தொடர்ந்து இழுக்கக்கூடிய விசை அதன் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 700 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 70 கிலோ. சாலையில் இயலாத வேலை தண்டவாளத்தில் எளிதாகிவிடுகிறது அல்லவா!

இனி, பாதை 30 அடிக்கு 1 அடி வீதம் உயர்வதாகக் கொள்வோம். வண்டியின் எடையில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ, கூடுதலாக எதிர்த்து நிற்கும். மொத்தம் 130 கிலோ! தண்டவாளம் தந்த சலுகை முழுவதும் பறிபோய்விட்டது. எனவே குதிரை டிராமுக்குச் சமதளம் இன்றியமையாதது. டக்ளஸின் கடற்கரைச் சாலை அத்தகைய சமதளம்.

மேட்டுக்கு வேறு வழி

கரையை விட்டு விலகினால் தீவு மேடாகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒவ்வொரு வழியைப் பொறியாளர்கள் கையாண்டார்கள். டக்ளஸின் மேட்டுப் பகுதிக்கு 1896இல் கயிற்று டிராம் வந்தது. சாலைக்கு அடியில் நீராவி எஞ்சினால் ஓயாமல் ஓட்டப்பட்ட எஃகுக் கயிற்றை வண்டி பற்றிக்கொண்டு ஏறும். இது 1929இல் நிறுத்தப்பட்டது.

குதிரை டிராமின் வடகோடி நிலையத்திற்கு டெர்பி காசில் என்று பெயர். அங்கிருந்து கடலோரக் குன்றுகளின் மீது மின்சார டிராம் 1893இல் ஓடத் தொடங்கியது. 1894இல் லாக்ஸி வரையிலும், 1899இல் ராம்சி வரையிலும் அது நீண்டது. மொத்தம் சுமார் 28 கிலோ மீட்டர். பெரும்பாலும் சாலையோரத்தில் தனிப் பாதையில் சென்று, ஆங்காங்கே சாலையைக் குறுக்கே கடக்கிறது. 1893இல் வந்த முதல் இரண்டு வண்டிகள் இன்னும் அதே பாதையில் இயங்குகின்றன! லாக்ஸியிலிருந்து 621 மீட்டர் உயரமுள்ள ஸ்னேஃபெல் மலைக்கு ஏறும் மின்சாரப் பாதை 1895இல் திறக்கப்பட்டது. அதில் நடுவே மூன்றாவது தண்டவாளம் ஒன்று உண்டு. இறங்கும்போது பிரேக் அதை இருபுறமும் இறுகப் பற்றிக்கொள்ளும்.

மின்சார டிராம் கம்பெனி 1894இல் குதிரை டிராமையும் வாங்கியது. கடற்கரைச் சாலையையும் மின்மயமாக்குவது அதன் விருப்பம். அது நிறைவேறியிருந்தால் குதிரைகளின் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால், 1900இல் தீவின் டம்பெல்ஸ் வங்கி முறிந்தது. கம்பெனியும் உடன் வீழ்ந்தது. 1902இல் குதிரை டிராம் டக்ளஸ் நகராட்சியின் கைக்கு வந்தது. மின்கம்பிகள் கடற்கரைச் சாலைக்கு வரவே இல்லை.

பிறகு பஸ்கள் வந்தன. 1927க்குப் பின் குதிரை டிராம் கோடையில் மட்டுமே ஓடியது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்கரை விடுதிகள் முள்வேலியிட்ட தடுப்பு முகாம்களாயின, டிராம் நின்றது. 1946இல் மீண்டும் ஓடியது. ஆயினும், ஓய்வு பெற்ற குதிரைகளின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. அவை இறைச்சிக்கு விற்கப்படாமல் காக்கவே 1950இல் டக்ளஸுக்கு அருகில் முதிய குதிரைகளுக்கான காப்பகம் ஒன்று நிறுவப்பட்டது.

இடம் யாருக்கு?

சாலையில் கார்கள் பெருகப் பெருகச் சிக்கலும் வளர்ந்தது. டிராம் ஒதுங்கி வழிவிட முடியாது. தண்டவாளம் எங்கேயோ அங்கேதான் அது போகும். குதிரையின் வேகத்திற்கு மேல் விரையவும் முடியாது. சாலையின் நடுவே பயணிகள் ஏறி இறங்கும்போது மற்ற வண்டிகள் பொறுத்திருக்க வேண்டும். அத்துடன், தண்டவாளம் தேய்ந்தால் அதை மாற்றச் சாலையையே தோண்ட வேண்டியிருக்கிறது. இந்தச் செலவு பயணிகள் தரும் கட்டணத்தில் அடங்குவதில்லை.

2016 ஜனவரியில், நட்டம் தாளாமல் சேவையைக் கைவிடுவதாக நகராட்சி அறிவித்தது. மக்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. தீவின் அரசு அவ்வாண்டுக் கோடைச் சேவையைத் தானே ஏற்று நடத்தியது. எனினும் சில பழைய வண்டிகள் ஏலத்தில் போயின. பழைய டிராம் கொட்டகை இடிக்கப்பட்டு, புதியது கட்டப்பட்டது. இதற்கிடையே, பழுதுபட்டிருந்த கடற்கரைச் சாலையையே புதுப்பிக்க வேண்டியதாயிற்று. தண்டவாளத்தை நடைபாதைக்கு மாற்றலாமா, சாலையிலேயே வைத்திருக்கலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. நடந்து செல்வோர் தங்கள் நடைபாதையை இழக்க விரும்பவில்லை. கார் வைத்திருப்போர் கார் நிறுத்தும் இடத்தை இழக்க விரும்பவில்லை. இறுதியில், சாலையிலேயே டிராமுக்கு இடம் ஒதுக்குவது என முடிவாயிற்று. 2018இல் வேலை தொடங்கியது. 2022 கோடையில் டெர்பி காசிலிலிருந்து பிராட்வே வரை குதிரைகள் மீண்டும் வண்டி இழுத்தன. அங்கிருந்து கப்பல் துறை வரை ஒற்றைத் தண்டவாளம் போடும் வேலை தள்ளிவைக்கப்பட்டது. கப்பல் பயணிகளுக்காகப் பிறந்த டிராம், கப்பல் துறையை எட்டாமலேயே திரும்பியது!

குதிரை டிராம் தொடக்கத்தில் பிழைத்ததற்குச் சமதளமும் ஒரு வங்கியின் வீழ்ச்சியும் காரணங்களாயின. அதன் பின் அது பிழைத்திருப்பதற்குக் காரணம் வேறு. மக்கள் தங்கள் சாலையில் ஒரு பங்கையும் தங்கள் வரிப் பணத்தில் ஒரு பங்கையும் அதற்கு மனமுவந்து கொடுக்கிறார்கள். பழைய பொறியை அருங்காட்சியகத்தில் வைப்பது எளிது. அதை ஓடவிட வேண்டுமானால் மற்றவர்கள் சற்று மெதுவாகச் செல்லச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தர வேண்டியிருக்கிறது.